பத்தாண்டைக் கடந்த காரில் பினாங்கு வரை: புறப்படுமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

ஈசூன் ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2013ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பதிவான 1.6 லிட்டர் ஜப்பானிய செடான் இருக்கிறது. பத்தாண்டு முடிந்ததும் வண்டியைத் தொடர்ந்து வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை மேலும் பத்தாண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன் என்பதால், இன்னும் நெடுங்காலம் இந்த வண்டியோடுதான் வாழ்க்கை. 168,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் பெரும்பகுதி வீட்டுக்கும் ஜூரோங்கிலுள்ள வேலையிடத்துக்கும் இடையே ஓடியது. எல்லைக்கு அப்பால் ஜோகூர் பாருவில் பெட்ரோல் நிரப்பியதையும் சாப்பிட்டதையும் தவிர, இந்த வண்டி வடக்கே போனதில்லை.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் பெற்றோர், மனைவி, மகள் ஆகியோருடன் ஐந்து பேராகப் புறப்பட எண்ணியிருக்கிறோம். ஈப்போவில் ஓரிரவு தங்கி, பினாங்கில் தண்ணீர்மலை முருகனைத் தரிசித்துவிட்டு, சுங்கை பட்டாணியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குச் செல்ல வேண்டும். பினாங்கு மட்டுமே இங்கிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். சென்ற மாதம்தான் ஆண்டுச் சோதனையில் எந்தக் குறையும் இல்லாமல் வண்டி தேறியது. ஆகவே இஞ்சின் எண்ணெயை மாற்றிவிட்டுக் கிளம்பினால் போதும் என்பது என் தந்தையின் கருத்து. பேசாமல் வாடகைக்கு ஒரு புது வண்டி எடுத்துக்கொள் என்பது மைத்துனரின் கருத்து. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் என்ன சொல்கிறீர்கள்?


காக்கி புக்கிட் பட்டறைக்காரர்

தம்பி, ஆண்டுச் சோதனையில் தேறியது நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பத்தாண்டைக் கடந்த கார்கள் நம் ஊரில் ஆண்டுக்கொரு முறை சோதனை நிலையத்துக்குப் போயாக வேண்டும். அங்கே பிரேக்கின் பிடிப்பு, விளக்குகள், புகை, அடிப்பாகம், டயரின் பள்ள ஆழம் ஆகியவற்றைப் பார்த்து, இந்த வண்டி இன்று சாலையில் ஓடத் தகுதியானதா என்று முடிவு செய்கிறார்கள். ரேடியேட்டர் குழாய் உட்புறம் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது, பேட்டரிக்கு இன்னும் எத்தனை மாத ஆயுள் இருக்கிறது, நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் வாட்டர் பம்ப் தாங்குமா என்பவற்றை அவர்கள் பார்ப்பதில்லை. அது அவர்களுடைய வேலையும் இல்லை.

அடுத்து, மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை மட்டும் வைத்துப் பழைய வண்டியை எடைபோடாதீர்கள். இரும்பு ஓட்டத்தால் தேயும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஆண்டுகளாலும் வெப்பத்தாலும் கெடும். உங்கள் வண்டியின் இஞ்சின் உள்பாகங்கள் 168,000 கிலோமீட்டரை எளிதாகத் தாண்டியிருக்கும். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் குழாய், பெல்ட், புஷ் எனும் ரப்பர் தாங்கிகள், ரேடியேட்டரின் இரு பக்கத்து பிளாஸ்டிக் தொட்டிகள் ஆகியவற்றுக்கு வயது பன்னிரண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் புகைந்துகொண்டு நிற்கும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது இஞ்சின் அன்று. மலிவான ஒரு ரப்பர் துண்டுதான்.

குளிரூட்டும் அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் அதற்கு இரண்டு வெவ்வேறு தேர்வுகள் இருக்கின்றன. முதல் தேர்வு ஜோகூருக்குச் செல்லும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில். ஏர்கான் ஓட, வண்டி நகராமல், வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்றைத் தருவது மின்விசிறி மட்டுமே. விசிறியின் மோட்டாரோ ரிலேயோ தளர்ந்திருந்தால் வெப்பமானி முள் அங்கேயே ஏறும். இரண்டாவது தேர்வு ஈப்போவைத் தாண்டியபின், மெனோரா சுரங்கப்பாதைப் பகுதியிலும் புக்கிட் பெராபிட் ஏற்றத்திலும் வரும். அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐந்து பேரையும் பெட்டிகளையும் சுமந்து ஏறும் இஞ்சின் கக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்லுமளவுக்குக் கூலன்ட், அதாவது குளிர்விக்கும் திரவம், ஓட வேண்டும். ரேடியேட்டரின் உட்குழல்கள் பாதி அடைத்திருந்தாலோ, அந்தத் திரவத்துக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காவிட்டாலோ, நகருக்குள் ஒருபோதும் தெரியாத குறை அந்த ஏற்றத்தில் தெரியும். முதல் தேர்வில் தேறிய வண்டி இரண்டாவதில் தோற்கலாம், தலைகீழாகவும் நடக்கலாம்.

ஆகவே மேல், கீழ் ரேடியேட்டர் குழாய்கள் இரண்டையும், தெர்மோஸ்டாட்டையும், ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். மூடியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தை அது பிடித்துவைப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகை வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போனால் அந்த இருபது பாகைப் பாதுகாப்பு போய்விடும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்திருந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே. பழைய கூலன்டை முழுதாக வடித்துவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் வகையை ஊற்றச் சொல்லுங்கள். வெறும் குழாய்த்தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளின் ரேடியேட்டருக்குள் பார்த்தால் துருவின் நிறம்தான் தெரியும்.

உங்கள் இஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்பதைக் கேட்டறியுங்கள். செயின் என்றால் சத்தம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெல்ட் என்றால், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற ரசீது இல்லாத நிலையில் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலைகளையெல்லாம் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பாவது முடித்துவிடுங்கள். புதிதாகப் போட்ட பாகமும் சில வேளை முதல் வாரத்திலேயே கெடும், இறுக்கிய கிளிப்பும் சூடேறி ஆறியபின் தளரும். அதெல்லாம் ஈசூனில் நடக்கட்டும், வழியில் தாப்பாவில் நடக்க வேண்டாம்.


பீஷான் பயணி

பட்டறைக்கார ஐயா சொன்னவற்றை ஏற்கிறேன். டயரைப் பற்றி நான் சேர்க்கிறேன். ஆண்டில் சில தடவை கணவரும் நானும் மாறி மாறி ஓட்டி வடக்கே போய்வருகிறோம். எங்கள் வண்டியும் பத்தாண்டைக் கடந்ததுதான்.

டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். குறைவாக ஓடும் வண்டிகளில் பள்ளம் ஆழமாக இருக்கும்போதே ரப்பர் முதுமை அடைந்துவிடும். பக்கச் சுவரிலும் பள்ளங்களின் அடியிலும் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஐந்து ஆண்டைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் ஒருவரிடம் காட்டுவதும், பத்தாண்டை எந்த நிலையிலும் தாண்டவிடாமல் இருப்பதும் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. ஐந்து பேரோடு வெயிலில் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும் வண்டிக்கு நான் ஆறு ஆண்டுக்கு மேல் போகமாட்டேன். இது என் சொந்த அளவுகோல்.

இதைவிட முக்கியமானது பின்பெட்டியின் விரிப்புக்குக் கீழே இருக்கும் மாற்று டயர். வண்டியோடு வந்தது என்றால் அதற்கும் பன்னிரண்டு வயது. பலர் அதை ஒருமுறைகூட எடுத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். எடுத்துப் பார்த்தால் காற்று பாதிகூட இருக்காது. மெலிந்த தற்காலிக டயராக இருந்தால் அதற்குச் சாதாரண டயரைப் போல இருமடங்கு காற்று, அதாவது 4.2 பார் அளவுக்கு வேண்டும். உச்ச வேகமும் 80 என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். மற்றவர்கள் 110இல் பறக்கும் சாலையில் அதை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போக முடியாது, அடுத்த வெளியேறும் வழிவரைதான் அதன் பயன். ஜாக்கியும் சக்கரச் சாவியும் இருக்கின்றனவா என்றும், பட்டறையில் இயந்திரத்தால் இறுக்கிய நட்டை உங்கள் கைச்சாவியால் கழற்ற முடிகிறதா என்றும் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இன்னொன்று, நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பு 90. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110. வெறும் இருபது என்று தோன்றும். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறுவதால், 90இலிருந்து 110க்குப் போகும்போது அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அதை வெல்ல இஞ்சின் தரவேண்டிய திறன் 1.8 மடங்குக்கு மேல் போகிறது. இங்கேயே ஓடிய வண்டி அந்த உழைப்பை மணிக்கணக்கில் செய்ததே இல்லை. வீல் பேலன்ஸில் உள்ள குறையும் பெரும்பாலும் 100ஐத் தாண்டிய பிறகே ஸ்டியரிங்கில் நடுக்கமாகத் தெரியும். அதைச் சட்டப்படி இங்கே சோதிக்கவும் வழியில்லை. ஆகவே பட்டறை வேலைகள் முடிந்ததும் ஒரு ஞாயிறு காலையில் யோங் பெங் வரை போய் மதிய உணவு சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். ஜோகூர் பாருவிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுதான்.


தெம்பனிஸ் ஐயப்பேர்வழி

நான் சற்று மாறுபட்டுச் சொல்கிறேன், யாரும் வருந்த வேண்டாம். மேலே சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றிப் போட்டால் அந்தச் செலவில் பாதிக்கு ஒரு வாரம் வாடகை வண்டி கிடைத்துவிடும். வாடகை நிறுவனத்திடம் மலேசியாவுக்குக் கொண்டுபோகும் அனுமதியும் காப்புறுதி நீட்டிப்பும் வாங்கிக்கொண்டால், வண்டி நின்றாலும் தலைவலி அவர்களுடையது. மைத்துனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அப்படியும் சொந்த வண்டிதான் என்றால், கியர்பெட்டி எண்ணெயை மட்டும் தொடாதீர்கள். 168,000 கிலோமீட்டர்வரை மாற்றாமல் ஓடிய ஆட்டோ கியர்பெட்டியில் புது எண்ணெய் ஊற்றியதும் கியர் வழுக்கத் தொடங்கிய கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.


காக்கி புக்கிட் பட்டறைக்காரர்

ஐயப்பேர்வழி நண்பருக்கு: வாடகையைப் பற்றி நான் வாதிடவில்லை, அது குடும்பத்தின் முடிவு. ஆனால் அவர் பத்தாண்டுக்குச் சான்றிதழைப் புதுப்பித்திருக்கிறார். குழாயும் பெல்ட்டும் இந்த டிசம்பரில் மாற்றாவிட்டால் அடுத்த ஆண்டு மாற்றியே ஆக வேண்டியவை. அந்தச் செலவைப் பினாங்குப் பயணத்தின் கணக்கில் எழுதுவது சரியன்று. வண்டியை வைத்திருக்கும் கணக்கில் எழுத வேண்டும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து, அதிலும் கடைசி ஆண்டில் இருக்கும் வண்டியாக இருந்தால், மறுபடி புதுப்பிக்கவும் முடியாது என்பதால், வாடகையே மேல் என்று நானே சொல்லியிருப்பேன்.

கியர்பெட்டி விஷயத்தில் நீங்கள் கேட்ட கதைகள் பொய்யல்ல. ஆனால் அந்த வண்டிகளில் பல, கியர் ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியதால்தான் எண்ணெய் மாற்ற வந்தவை. உராய்வுத் தகடுகள் தேய்ந்து முடிந்த பெட்டியை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. நல்ல நிலையில் கியர் மாறும் பெட்டியில், அழுத்தம் கொடுத்து முழுதும் கழுவாமல், அடியிலுள்ள திருகைத் திறந்து வடிவதை மட்டும் வடித்து அதே அளவு புதிதாக ஊற்றினால், மூன்றில் ஒரு பங்கு அளவே மாறும். சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை அப்படியே செய்யலாம். இதனால் கெட்டுப்போன பெட்டியை நான் பார்த்ததில்லை. உரியவர் இரண்டு மாதம் முன்பே கேட்டிருப்பதால் இதற்கு நேரம் இருக்கிறது. ஒரு வாரம் முன்பு கேட்டிருந்தால் நானும் தொடாதே என்றுதான் சொல்லியிருப்பேன்.


தெம்பனிஸ் ஐயப்பேர்வழி

கணக்கைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கியர்பெட்டி பற்றி என் கருத்து மாறவில்லை; நன்றாக ஓடுவதைத் தொடுவானேன்?


செங்காங் இரவுப்பணியாளர்

ஈசூன் அண்ணா, இந்த வேலைகளை ஜோகூரில் செய்தால் கூலி பாதிக்கும் கீழே வரும். நான் அங்கேதான் செய்கிறேன். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பாகங்களை நீங்களே இங்கு வாங்கிக் கொண்டுபோவதா, அங்கேயே வாங்குவதா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அசல் பெட்டியில் போலிப் பொருள் வருவது எல்லா ஊரிலும் உண்டு. இரண்டாவது, வேலையில் குறையிருந்தால் திரும்பக் கொண்டுபோவதற்குக் கடற்பால நெரிசலில் இன்னொரு நாளைச் செலவழிக்க வேண்டும். நான் பிரேக், டயர் போன்றவற்றை அங்கேயும், கசிவு வந்தால் உடனே காட்ட வேண்டிய ரேடியேட்டர் வேலைகளை இங்கேயும் செய்கிறேன்.

காகித வேலைகளையும் மறக்க வேண்டாம். மலேசிய வாகன நுழைவு அனுமதிக்கான ஒட்டுச்சில்லு இல்லாமல் திரும்பினால் 300 ரிங்கிட் அபராதம். 2025 ஜூலை 1 முதல் இது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சில்லின் ஐந்தாண்டுக் காலக்கெடு எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். சுங்கக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ என்னும் மலேசியக் கட்டண அட்டையில் தாராளமாகப் பணம் இருக்கட்டும். இங்கிருந்து வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். பழைய வண்டிகளில் அளவுகாட்டும் முள்ளே பொய் சொல்லும் என்பதால் நிரப்பிக்கொண்டே போவது நிம்மதி. அங்கே நம் பதிவெண் கொண்ட வண்டிக்கு 95 ரகப் பெட்ரோல் விற்கமாட்டார்கள்; 97தான். உங்கள் இஞ்சினுக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

காப்புறுதியில் இழுவைக்கு எவ்வளவு தருகிறார்கள், எந்த இடம்வரை இழுத்துவருவார்கள் என்பதைத் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்னதை மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்ளுங்கள். நம்மிடம் விற்கப்படும் காப்புறுதிகளில் பெரும்பாலானவை மேற்கு மலேசியா முழுவதற்கும், தாய்லாந்தில் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள்ளும் செல்லும். ஆனால் விபத்துக்கான காப்பு வேறு, பழுதுக்கான இழுவை வேறு.


ஈசூன் ஓட்டுநர்

அனைவருக்கும் நன்றி. வாடகை எண்ணத்தை விட்டுவிட்டோம். பட்டறைக்கார ஐயா சொன்ன கணக்கை அப்படியே மைத்துனரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சரி, இழுவை வண்டியின் எண்ணை மட்டும் வைத்துக்கொள் என்றார்.

இந்த வாரம் வீட்டருகே உள்ள பட்டறையில் காட்டினேன். கீழ் ரேடியேட்டர் குழாயை அழுத்திப் பார்த்தால் கிளிப்புக்குப் பக்கத்தில் பஞ்சுபோல அமுங்குகிறது. ரேடியேட்டரின் மேற்பக்க பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறி, ஓரத்தில் ஈரம் காய்ந்த தடம் இருக்கிறது. இஞ்சினில் இருப்பது செயின், சத்தமில்லை. பேட்டரிக்கு இரண்டரை வயது. சுமை கொடுத்துப் பார்த்ததில் ஓரளவு தேறுகிறது என்றார்கள். மாற்று டயரின் எண் 4812. பீஷான் அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே பலித்தது.

எனக்கு இரண்டு கேள்விகள். ரேடியேட்டரை முழுதாக மாற்ற வேண்டுமா, இல்லை கசிவை அடைக்கும் மருந்து போதுமா? இரண்டாவது, என் வண்டியில் வெப்பமானி முள்ளே இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிகச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவே. ஏற்றத்தில் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?


காக்கி புக்கிட் பட்டறைக்காரர்

ரேடியேட்டரை மாற்றிவிடுங்கள். பழுப்பேறிய பிளாஸ்டிக் தொட்டி அழுத்தத்தில் கசிவதோடு நிற்காது. ஒருநாள் நீளவாக்கில் பிளந்துவிடும். கசிவடைக்கும் மருந்து துளையை மட்டும் தேடிப்போய் அடைப்பதில்லை. ஏற்கெனவே குறுகிப்போன உட்குழல்களையும் சேர்த்தே அடைக்கும். அது நடுவழியில் வீடுவந்து சேர்வதற்கான பொருள், புறப்படும்போது ஊற்றிக்கொண்டு போவதற்கானதன்று.

பேட்டரியையும் மாற்றுங்கள். குளிர் நாடுகளில் பேட்டரி குளிரால் சாகிறது என்பார்கள். நம் ஊரில் வெப்பம்தான் அதைத் தின்கிறது. இங்கே இரண்டரை வயது என்பது முதுமை. இஞ்சின் ஓடும்போது விளக்கு, ஏர்கான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், 13.8க்கும் 14.5 வோல்ட்டுக்கும் இடையில் நின்றால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அது தடுமாறினால் புது பேட்டரியும் பாதி வழியில் காலியாகும்.

சிவப்பு விளக்கைப் பற்றி: அது எரியும்போது காலம் கடந்திருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனைத் துளையில் செருகும் சிறு ப்ளூடூத் கருவி ஒன்றை வாங்கினால் கைப்பேசியில் கூலன்டின் வெப்பநிலையை எண்ணாகவே பார்க்கலாம். முதலில் இங்கேயே ஒரு வாரம் ஓட்டி, உங்கள் வண்டிக்கு வழக்கமான எண் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகள் 85க்கும் 100க்கும் இடையில் எங்கோ நிலைகொள்ளும். அந்த வழக்கத்திலிருந்து பத்துப் பாகை விலகினால் ஏர்கானை அணைத்து, வேகத்தைக் குறைத்து, இன்னும் ஏறினால் பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகத் திறந்துவிடுவதும் சற்று உதவும். உள்ளிருப்போர் வியர்த்தாலும் பரவாயில்லை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை யாரும், எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. "இன்னும் ஐந்து கிலோமீட்டரில் ஓய்விடம் வந்துவிடும்" என்று ஓட்டிப்போன அலுமினிய இஞ்சின் தலைகள் பல என் மேசைக்கு வளைந்து வந்திருக்கின்றன.


பீஷான் பயணி

ஈப்போவில் தங்குகிறீர்கள் என்றால் கேமரன் மலைக்கும் போகலாம் என்று யாராவது வீட்டில் சொல்லத்தான் போகிறார்கள். போவதாக இருந்தால் சிம்பாங் பூலாய் வழியாக ஏறுங்கள்; தாப்பா வழியைவிட அகலமானது, வளைவுகளும் குறைவு, பெரியவர்களுக்குத் தலைசுற்றல் குறையும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் பழைய வண்டிக்கு ஆபத்து. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதிகட்டை தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்குமேல் மாற்றாத பிரேக் எண்ணெயோடு மலையிறங்க வேண்டாம். இறங்கும்போது கியரைக் கீழே வைத்து இஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். இஞ்சின் சற்று உறுமும், அதனால் ஒன்றும் ஆகாது.


மரீன் பரேட் தாத்தா

பிள்ளைகளே, எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள்; சுமையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐந்து பேரும் அவர்களுடைய பெட்டிகளும், பெரியம்மா வீட்டுக்குப் போகிறீர்கள் என்பதால் திரும்பும்போது அவர்கள் ஏற்றிவிடும் மூட்டைகளும் சேர்ந்தால் பின்பக்கம் கீழே அமுங்கும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முழுச்சுமைக்கான காற்றழுத்தம் தனியாக எழுதியிருக்கும். பின் டயர்களுக்கு அதைப் பின்பற்றுங்கள், அதுவும் டயர் ஆறியிருக்கும் காலை வேளையில் அளந்து. முகப்பு விளக்கின் உயரத்தைக் குறைக்கும் சிறு திருகு இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். குலுக்கலைத் தாங்கும் பின் அப்சார்பர்கள் தேய்ந்திருந்தால் அந்தச் சுமையோடு லாரியைக் கடக்கும்போது வண்டி படகைப்போல ஆடும். டிசம்பர் மழைக்காலம் என்பதால் வைப்பர் ரப்பர் புதிதாக இருக்கட்டும்.


ஈசூன் ஓட்டுநர்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். ரேடியேட்டர், குழாய்கள், தெர்மோஸ்டாட், மூடி, வெளிப்பெல்ட், பேட்டரி, பிரேக் எண்ணெய், நான்கு டயர்கள் எல்லாம் மாறிவிட்டன. மாற்று டயருக்குப் பதிலாக, கழற்றியவற்றில் வயது குறைந்த ஒன்றை முழு அளவுச் சக்கரத்தில் மாட்டி வைத்துக்கொண்டேன். விரிப்பு சற்று மேடாகிவிட்டது, மனைவிக்குப் பிடிக்கவில்லை. கியர்பெட்டி எண்ணெயை ஒருமுறை வடித்து ஊற்றினோம். வந்த எண்ணெய் கறுத்திருந்தாலும் கருகிய வாடை இல்லை. கியர் முன்பு போலவே மாறுகிறது. ஐயப்பேர்வழி நண்பர் கவலைப்பட வேண்டாம், இரண்டாம் முறையைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்கிறேன்.

சென்ற ஞாயிறு யோங் பெங் போய்வந்தோம். 105ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. புது டயர்களாக இருந்தும் முன் இடதுபக்கம் பேலன்ஸ் சரியாக வைக்கப்படவில்லை. இங்கே 90இல் ஒரு மாதமாகத் தெரியவே இல்லை. திரும்பி வந்ததும் சரிசெய்துவிட்டார்கள். கூலன்ட் போகும்போதும் வரும்போதும் 92, 93இலேயே நின்றது. உட்லண்ட்ஸில் ஒன்றேகால் மணி நேரம் நின்றபோது 97 வரை ஏறி, விசிறி ஓடியதும் இறங்கியது.

ஒரே ஒரு சந்தேகம். இஞ்சினின் மேல்மூடி ஓரத்தில் எண்ணெய் சற்றுக் கசிந்து தூசு படிந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடியபின் அளவுக்கோலில் ஒரு நூல் அளவு குறைந்ததுபோலத் தெரிகிறது. இதையும் திறந்து பார்க்க வேண்டுமா?


காக்கி புக்கிட் பட்டறைக்காரர்

இப்போது வேண்டாம். இரவு முழுதும் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் சொட்டு இல்லை என்றால் அது வியர்வைதான், தாராளமாகப் போய்வரலாம். சொட்டு இருந்தால் மேல்மூடியின் ரப்பரை மாற்றுங்கள், அரைநாள் வேலை. அளவு சற்றுக் குறைவது அதிக சுழற்சியில் ஓடும் பழைய இஞ்சினுக்கு இயல்பு. அதே தரத்து எண்ணெயில் ஒரு லிட்டர் பின்பெட்டியில் இருக்கட்டும். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும், சமதரையில் இஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு அளவுக்கோலைப் பாருங்கள். கீழ்க்கோட்டை நெருங்கினால் அரை லிட்டர் ஊற்றுங்கள், மேல்கோட்டைத் தாண்டும்படி ஊற்ற வேண்டாம்.


ஈசூன் ஓட்டுநர்

அட்டை காய்ந்தே இருக்கிறது. வெள்ளிக்கிழமை புறப்படுகிறோம். எல்லையைக் கடக்க எந்தச் சாவடி நல்லது, உட்லண்ட்ஸா, துவாஸா?


பீஷான் பயணி

ஈசூனிலிருந்து துவாஸ் சுற்றுவழிதான், கட்டணமும் கூடுதல். ஆனால் விடுமுறை வெள்ளியன்று முழுச்சுமையோடு, பெரியவர்களையும் வைத்துக்கொண்டு உட்லண்ட்ஸில் நிற்பதற்கு நான் துவாஸைத்தான் தேர்ந்தெடுப்பேன். காலை ஐந்துக்குள் சாவடியைத் தொட்டுவிடுங்கள். பகல் உணவுக்குத் தாப்பாவை எட்டிவிடலாம்.